ஸ்டாக் பட்டியலை கர்ல் மூலம் அனுப்புகிறீர்களா? இவற்றைப் பாருங்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்துக்கொண்டு ஆன்லைனிலும் விற்பவர்களுக்கு ஒரு வேலை அடிக்கடி வரும். பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து ஸ்டாக் பட்டியலை சி.எஸ்.வி கோப்பாக (கமா போட்டுப் பத்தி பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுத்து, விற்பனைத் தளத்தின் ஏபிஐ-க்கு, அதாவது மற்ற நிரல்களிடமிருந்து தரவை வாங்கிக்கொள்ளும் வாசலுக்கு, அனுப்ப வேண்டும். இதற்குப் பலரும் எழுதுவது, கட்டளை கொடுத்து இணையத்தில் தரவை அனுப்பும் கர்ல் (curl) என்ற கருவியை வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட். 1998 முதல் இருக்கும் கருவி, தாராளமாக நம்பலாம். ஆனால் அது கூரியர்காரர் மாதிரி: கொடுத்த பார்சலைச் சேர்க்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது.

முதல் கோளாறு பெரும்பாலும் கர்லுக்கு முன்பே, எக்ஸெலில் நடந்துவிடுகிறது. "சும்மா ஒரு பார்வை" என்று கோப்பைத் திறந்து சேவ் கொடுப்பார்கள். 8901234567890 என்ற 13 இலக்க பார்கோடு 8.90123E+12 ஆகிவிடும். மறுபடி திறந்தால் 8901230000000. கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். பார்க்க வேண்டுமென்றால் நோட்பேடில் பாருங்கள். எக்ஸெல்தான் வேண்டுமென்றால் அந்தப் பத்தியை (நெடுவரிசையை) டெக்ஸ்ட் என்று குறித்து இம்போர்ட் செய்யுங்கள். எக்ஸெலில் யுடிஎஃப்-8 சி.எஸ்.வி என்று சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் ஒட்டிக்கொள்ளும். தலைப்பு கண்ணெதிரே இருந்தும் "அப்படி ஒரு பத்தி இல்லை" என்று சர்வர் சொன்னால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அப்புறம் இன்ச் குறி. 44" அகலத் துணி என்று ஐட்டம் பெயரில் இருக்கும். ஏபிஐ-கள் பல கேட்கும் ஜேசான் (JSON) வடிவத்தை ஸ்கிரிப்டில் எழுத்துத் துண்டுகளை ஒட்டிச் செய்தால் அந்த மேற்கோள் குறியிலேயே உடையும். "சுடிதார் செட், காட்டன்" என்பதில் உள்ள கமாவும் அப்படித்தான்; வரியைக் கமாவில் வெட்டும் ஆக் (awk) கட்டளை ஒரு பத்தியை இரண்டாக்கிவிடும். சி.எஸ்.வி-யை அதற்கென்றே உள்ள நூலகத்தால் படியுங்கள். பைத்தானில் அது கூடவே வருகிறது.

முழுக் கோப்பையும் அப்படியே அனுப்பும்போது கர்லின் டேட்டா ஆப்ஷனைப் போடாதீர்கள். கோப்பிலிருந்து படிக்கும்போது அது வரி முறிவுகளை நீக்கிவிடும்; பட்டியல் முழுதும் ஒரே வரியாகப் போய்ச் சேரும். டேட்டா-பைனரி போடுங்கள்.

இனி, நிஜமாகவே பணத்தைத் தின்னும் தவறு. சர்வர் 400 என்று பிழை சொன்னாலும், பதில் வந்துவிட்டதால் கர்ல் 0 என்ற வெற்றிக் குறியோடு முடிந்துவிடும். ஸ்கிரிப்டும் "எல்லாம் சரி" என்று எழுதிவிடும். ஃபெயில்-வித்-பாடி ஆப்ஷன் கொடுத்தால் பிழை பிழையாகவே தெரியும், சர்வர் சொன்ன காரணமும் கையில் இருக்கும். இதைவிட மோசம், பாதியில் நெட் போனதும் முதல் வரியிலிருந்து மறுபடி ஓட்டுவது. போஸ்ட் (POST) என்ற அனுப்பும் முறையில் புதிய பதிவு சேர்க்கும் ஏபிஐ பலவற்றில் ஏற்கெனவே போன வரிகள் இரட்டிக்கும். 20 சேலை 40 ஆகும், இல்லாத சேலைக்கு ஆர்டர் வரும். டைம்அவுட் என்றால் போகவில்லை என்று அர்த்தமில்லை. போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வராமலும் இருக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் ஐட்டம் கோடும் சர்வரின் பதில் எண்ணும் லாக் கோப்பில் விழட்டும். விழாதவற்றை மட்டும் சர்வரில் தேடிப் பார்த்து, பிறகு அனுப்புங்கள். ஐடெம்பொடென்சி கீயை (ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தாலும் ஒரு முறையே பதிய உதவும் அடையாளக் குறி) அந்த ஏபிஐ ஏற்றுக்கொண்டால் இந்தத் தலைவலி பாதி குறையும். பதில் எண் 429 வந்தால் வேகம் அதிகம் என்று பொருள், கொஞ்சம் நிறுத்தி அனுப்பினால் போதும்.

ஏபிஐ-க்கு நீங்கள் யார் என்று காட்டும் டோக்கனை (பாஸ்வேர்ட் மாதிரி) கட்டளையிலேயே தட்டுவதும் வேண்டாம், ஹிஸ்டரியில் தங்கிவிடும். பில் போடும் கம்ப்யூட்டரில் கடைப் பையன் முதல் கணக்கர் வரை எல்லோரும்தான் உட்காருகிறார்கள். டோக்கன் உள்ள ஹெடரை (கோரிக்கையோடு போகும் தலைப்பு வரியை) தனிக் கோப்பில் வைத்து, கம்ப்யூட்டரில் உங்கள் யூசர் கணக்கு மட்டும் படிக்கும்படி பூட்டிவிடுங்கள்; கர்ல் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.