விளம்பரத்தைத் தடுக்கணுமா? முதலில் டிஎன்எஸ், பிறகு பிரவுசர்

வண்ணாரப்பேட்டை பக்கம் பிரவுசிங் சென்டரில் ஹால் டிக்கெட் எடுக்க வருபவரின் கையைக் கவனியுங்கள். தேர்வின் பெயரைத் தட்டுவார், மேலே வரும் ஏதோ ஒரு 'வேலைவாய்ப்பு' தளத்துக்குள் போவார். பச்சையாக நாலு டவுன்லோட் பட்டன் இருக்கும், நாலும் விளம்பரம். நிஜ லிங்க் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரே வரி. மவுஸ் பச்சைக்குத்தான் போகும்.

ஏமாறாமல் இருக்கத்தான் முதலில் விளம்பரத் தடுப்பான் வேண்டும். 'கேஸ் கஸ்டமர் கேர்' என்று தேடினால் உச்சியில் வருவது பெரும்பாலும் காசு கொடுத்துப் பிடித்த இடம். போலி நம்பர்காரனும் அதே காசைக் கொடுப்பான். தேடல் விளம்பரங்களில் கம்பெனிகளின் பெயரில் ஆள்மாறாட்டம் நடக்கிறது, தடுப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில் சொன்னது. டேட்டா மிச்சமாவதும், நீங்கள் எங்கெங்கே போகிறீர்கள் என்று பின்தொடரும் டிராக்கர் குறைவதும் அதற்கடுத்த லாபம்.

ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய போன் என்றால் எந்த ஆப்பும் இல்லாமலே பாதி வேலை முடியும். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கேட்டு, அது எந்த சர்வரில் இருக்கிறது என்று போனுக்கு வழி சொல்லும் சேவை. விளம்பரத்தைத் தடுக்கும் ஆட்கார்டின் டிஎன்எஸ்ஸை இங்கே போடப்போகிறோம். செட்டிங்ஸைத் திறந்து, தேடும் கட்டத்தில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். சாம்சங்கில் இது கனெக்‌ஷன்ஸ், அதற்குள் மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ் என்ற இடத்தில் இருக்கும். 'ஹோஸ்ட்நேம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, டிஎன்எஸ் புள்ளி ஆட்கார்ட் சிறுகோடு டிஎன்எஸ் புள்ளி காம் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்து சேவ் செய்யுங்கள். ஆட்கார்டுக்கு எழுத்து ஏ, டி, ஜி, யு, ஏ, ஆர், டி. நடுவில் இடம் விடக் கூடாது, முன்னால் எச்டிடிபி எதுவும் வேண்டாம். ஒரு எழுத்து தப்பினாலும் மொத்த நெட்டும் நின்றுபோகும், வாட்ஸ்அப் உட்பட. 'ரீசார்ஜ் முடிஞ்சுபோச்சா' என்று கடைக்கு ஓடுவதற்கு முன் இந்த இடத்தை ஒருமுறை பாருங்கள்.

இது விளம்பர சர்வர்களின் பெயர்களுக்கே வழி சொல்ல மறுக்கும் ஏற்பாடு. அதனால் கேம்களில், ஆப்களில் வரும் விளம்பரமும் பெரும்பாலும் அடங்கும். 'வீடியோ பார்த்தால் காயின்' என்பதும் சேர்ந்தே போய்விடும், வீட்டுப் பிள்ளைகள் சண்டைக்கு வரலாம். யூடியூப் மட்டும் அசையாது. வீடியோ வரும் அதே சர்வரிலிருந்து விளம்பரமும் வருகிறது, பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. கூகுள் தேடல் பக்கத்தின் விளம்பரங்களும் அப்படியே நிற்கும். சென்ட்ரல் ஸ்டேஷன் மாதிரி இடங்களின் இலவச வைஃபையில் லாகின் பக்கம் திறக்கவில்லை என்றால், பிரைவேட் டிஎன்எஸ்ஸை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி, உள்ளே நுழைந்த பிறகு பழையபடி வையுங்கள்.

மீதிப் பாதி பிரவுசரில். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி ஆப், போடவே முடியாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிளே ஸ்டோரில் ஃபயர்ஃபாக்ஸ் எடுத்து, மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் போய் யுபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானைச் சேருங்கள். 'ஆரிஜின்' என்ற சொல் இருக்க வேண்டும். வெறும் 'யுபிளாக்' என்பது வேறு ஆள். பிறகு அதன் டாஷ்போர்டில், எதையெல்லாம் தடுக்க வேண்டும் என்ற பட்டியல்கள் இருக்கும் ஃபில்டர் லிஸ்ட்ஸைத் திறந்து, மொழி, பிராந்தியப் பிரிவில் 'இந்தியன்லிஸ்ட்'டை டிக் செய்து அப்ளை கொடுங்கள். தமிழ்ச் செய்தித் தளங்களில் பொதுப் பட்டியல் கோட்டைவிடும் விளம்பரங்களுக்கு இது தேவைப்படும். டிஎன்எஸ் விட்டுச்செல்லும் வெள்ளைக் கட்டங்களையும் யுபிளாக் ஆரிஜின் சுருட்டிவிடும். தேடல் விளம்பரம் மறைவதும் இங்கேதான்.

பிரவுசிங் சென்டர் நடத்துபவர்களுக்கு: கம்ப்யூட்டர் குரோமில் இப்போது யுபிளாக் ஆரிஜின் ஓடாது, கூகுள் பழைய எக்ஸ்டென்ஷன் முறையையே மூடிவிட்டது. 'லைட்' பதிப்பு ஓடும், ஆனால் பலம் குறைவு. எல்லா சிஸ்டத்திலும் ஃபயர்ஃபாக்ஸ் போடுவதுதான் எங்கள் கட்சி. ஐபோனில் சஃபாரிக்கு ஆட்கார்ட் போதும்.

'உங்கள் போனில் 3 வைரஸ்' என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வரும் நோட்டிஃபிகேஷனை இவை எதுவும் நிறுத்தாது. அது ஏதோ ஒரு தளத்தில் 'அலோ' அழுத்தியதன் பலன். குரோம் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத பெயர்களையெல்லாம் பிளாக் செய்யுங்கள்.

ஒரே பிரவுசரில் இரண்டு தடுப்பான் எக்ஸ்டென்ஷனை ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்று ஒதுக்கியதை இன்னொன்று கிண்டி, பக்கமே உடையும். வாட்ஸ்அப்பில் வரும் 'ஆட்பிளாக் ஏபிகே', அதாவது பிளே ஸ்டோரைத் தாண்டி நேராகப் போடும் ஆப் ஃபைல், வேண்டவே வேண்டாம். விபிஎன் அனுமதி கேட்கும் முகம் தெரியாத ஆப் உங்கள் நெட் முழுவதையும் தன் வழியாக இழுக்கும்.

கரண்ட் பில் கட்டும்போது பேமெண்ட் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றால், முதலில் பேங்க் மெசேஜைப் பாருங்கள். காசு போயிருந்தால் மறுபடி கட்ட வேண்டாம். போகவில்லை என்றால் யுபிளாக் ஆரிஜின் ஐகானைத் தொட்டு, பெரிய பவர் பட்டனை அணைத்து, பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். அந்தத் தளத்துக்கு மட்டும்தான் அணையும். விளம்பரக் காசிலேயே ஓடும் சின்னத் தமிழ்த் தளம் ஏதாவது உங்களுக்குப் பிடித்திருந்தால், அங்கேயும் இதே பட்டனை அணைத்து வையுங்கள். பச்சை டவுன்லோட் பட்டன் வைக்காதவரை.