காருக்குப் பின்னால் சைக்கிள்: ஹிட்ச் ரேக் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்க்காரர்களுக்கு மலை பக்கத்தில்தான். ஆனால் சைக்கிளோடு அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் பாதி தெம்பு போய்விடும். ஏலகிரி ஏற வேண்டுமென்றால் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக லாரிகளுக்கு நடுவே மிதித்துப் போய், அதன் பிறகுதான் பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். காவலூர் வழியாக ஜவ்வாது மலை என்றால் ஆலங்காயம் வரை போயாக வேண்டும். வேலூர் மாவட்டத்தை 2019இல் மூன்றாகப் பிரித்தாலும் தூரம் குறையவில்லை. அடிவாரம் வரை சைக்கிளைக் காரில் கொண்டுபோவதுதான் நல்ல வழி.

அதற்குப் பலரும் ஆசைப்படுவது ஹிட்ச் ரேக். காரின் அடியில் போல்ட் போட்ட ஹிட்ச் என்ற இரும்புச் சட்டத்தில் சொருகி, பின்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் ஸ்டாண்டு அது. கூரை மேல் தூக்கி வைக்கத் தேவையில்லை, டிக்கி கதவில் பெல்ட் மாட்டும் ரேக்கைப் போல பெயிண்டை உரசுவதும் இல்லை. அருமையான பொருள்தான். ஆனால் ரேக்கை முதலில் வாங்கிவிட்டு, அதை எங்கே மாட்டுவது என்று பிறகு யோசிப்பவர்கள்தான் அதிகம். இந்த ஒரு தவறிலிருந்துதான் மற்ற பல தவறுகள் பிறக்கின்றன.

அமெரிக்காவில் ஹிட்ச் என்பது சாதாரணம். சொருகும் சதுரக் குழாய் ஒன்றேகால் அங்குலம், இரண்டு அங்குலம் என்ற அளவுகளில் வரும். ஐரோப்பாவில் 50 மி.மீ. இரும்பு உருண்டை மேல் பிடிக்கும் ரேக்குகள் உண்டு. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. ஆன்லைனில் வாங்கிய ரேக் வீட்டுக்கு வந்த பிறகு, அதற்கு ஒரு குழாயைப் பொருத்தித் தரச் சொல்லி வெல்டிங் பட்டறைக்குப் போவார்கள். ராணிப்பேட்டை பக்கம் கைதேர்ந்த வெல்டர்களுக்குக் குறைவில்லை, அவர்கள் போடும் பற்று லேசில் விடாது. ஆனால் சிக்கல் பற்றில் இல்லை, அது எதன் மேல் போடப்படுகிறது என்பதில் இருக்கிறது. பின்பக்க பம்பர் கார்டும், பம்பருக்குள் இருக்கும் தகடும், வண்டி பழுதானால் கயிறு கட்டி இழுக்கும் கொக்கியும் இந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உங்கள் கார் மாடலுக்கென்றே செய்து, சேசிஸின் நீளச் சட்டங்களில் போல்ட் போட்டு இறுக்கும் ஹிட்சாக இருக்க வேண்டும், அதன் மேல் தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும். அப்படி ஒன்று உங்கள் மாடலுக்குக் கிடைக்கவில்லை என்றால் ஹிட்ச் ரேக் ஆசையை விட்டுவிடுவது நல்லது. வண்டியில் மாற்றம் செய்வது பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் கட்டுப்பாடு இருப்பதால், காசு கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கார் சர்வீஸ் சென்டரிலும் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது எடைக் கணக்கு. ரேக் பெட்டியில் இரண்டு சைக்கிள் என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். ஹிட்ச் மீது ரேக்கின் சொந்த எடையும் சேர்ந்துதான் இறங்குகிறது. தட்டு மாதிரியான ரேக் ஒன்று 20 கிலோவுக்குக் குறையாமல் இருக்கலாம். தலா 15 கிலோவில் இரண்டு எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) ஏற்றினால் மொத்தம் 50. அதுவே தலா 23 கிலோ பேட்டரி சைக்கிள்கள் என்றால் 66 கிலோ. காரின் வரம்பு, ஹிட்சின் வரம்பு, ரேக்கின் வரம்பு, மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. ஒன்றேகால் அங்குலக் குழாயில் அடாப்டர் போட்டு இரண்டு அங்குல ரேக்கை மாட்டினால் சுமை இன்னும் பின்னே தள்ளிப்போய், அந்த வரம்பும் இறங்கிவிடும். உடம்பை விட்டுத் தள்ளிப் பிடிக்கும் குடம் கனக்கிற கதைதான். நம் சாலைகளில் இதற்கு மேல் வேகத்தடை வேறு இருக்கிறது. நிற்கும் வண்டியில் 50 கிலோவாக இருப்பது, தடையில் தூக்கிப் போடும்போது அதைவிடப் பல மடங்கு விசையாக இறங்கும். எனவே வரம்பை முட்டும் அளவுக்கு ஏற்றாதீர்கள். எடை கூடிய சைக்கிள் காரை ஒட்டி இருக்கட்டும். தண்ணீர் பாட்டில், பம்பு, பை, பேட்டரி எல்லாம் கழன்று காருக்குள் வந்துவிடட்டும். பெரிய வேகத்தடையிலும் சரிவான கார் ஷெட்டிலும் ரேக்கின் வால் தரையில் இடிக்கிறதா என்று வெறும் ரேக்கோடு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

அகலத்தை யாரும் அளப்பதில்லை. ஒரு பெரிய எம்.டி.பி. கிட்டத்தட்ட 180 செ.மீ. நீளம். வேகன்-ஆர் அகலம் 162 செ.மீ. சைக்கிளைக் குறுக்கே வைத்தால் பக்கவாட்டில் சக்கரம் வெளியே நீட்டும். சுமை பக்கவாட்டில் வரம்பு மீறி நீட்டினால் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய். அபராதத்தை விடுங்கள், நெடுஞ்சாலையில் ஒட்டி வரும் பைக்கின் கைப்பிடியில் அது மாட்டினால் என்ன ஆகும்? உங்கள் ரேக் இடம் கொடுத்தால் முன்சக்கரத்தைக் கழற்றி ஏற்றுங்கள். சிறிய கார் வைத்திருப்பவர் ஓரிரண்டு சைக்கிளுக்கு ஹிட்ச் ரேக்கே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. சக்கரங்களைக் கழற்றி, பின்சீட்டை மடித்து, பழைய போர்வை விரித்து உள்ளேயே படுக்க வைத்துவிடலாம்.

நம்பர் பிளேட், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் மூன்றும் பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும். ஃபாஸ்டேக் முன்கண்ணாடியில் இருப்பதால் பள்ளிகொண்டா டோல்கேட்டில் கதவு திறந்துவிடும், அதை வைத்து எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. அட்டையில் எண்ணை எழுதித் தொங்கவிடுவதும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்கு ஈடாகாது. ஐரோப்பிய ரேக்குகளில் விளக்குப் பலகை சேர்ந்தே வரும். ஆனால் அதற்கான சாக்கெட் நம் காரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சைக்கிளின் சட்டத்தைத் தொங்கவிடும் ரேக் மலிவு, தட்டில் சக்கரத்தைப் பிடிக்கும் ரேக் விலை கூடுதல். கார்பன் சைக்கிள் என்றால் யோசிக்கவே வேண்டாம், சட்டத்தை இறுக்காத தட்டு வகைதான். தார், பொலேரோ போன்ற வண்டிகளில் ஸ்டெப்னி பின்கதவில் இருப்பதால் இடைவெளியை அளந்து வாங்க வேண்டும்.

சைலன்சர் வாயை மறக்காதீர்கள். டயர் அதற்கு நேராக இருந்தால் ஒரு மணி நேரச் சூட்டில் ரப்பர் கெட்டுப்போகும். வேலூர் வெயிலில் ரேக்கின் ரப்பர் பட்டைகளும் சீக்கிரம் வெடிக்கும். கோடைக்கு முன்னும் பின்னும் வளைத்துப் பார்த்து, கீறல் விட்டவற்றை மாற்றிவிடுங்கள்.

கிளம்பும்போது ரேக்கை ஹிட்ச் குழாயோடு பிடிக்கும் பின்னைப் பூட்டி, ரேக்கைக் கையால் பிடித்து ஆட்டினால் ரேக்கோடு சேர்ந்து காரே ஆட வேண்டும், ரேக் மட்டும் ஆடக் கூடாது. முதல் பத்து கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்தி எல்லாப் பட்டையையும் மறுபடி இறுக்குங்கள். பள்ளிகொண்டா தாண்டியதும் ஒரு டீ, ஒரு சோதனை. பிறகு ஏலகிரி வளைவுகளுக்கு முன் இன்னொன்று.

திரும்பி வந்ததும் ரேக்கைக் கழற்றிவிடுங்கள். வெறும் ரேக்கை மடித்து மாட்டியபடியே வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் சுற்றும் வண்டி எனக்கு உண்மையிலேயே பயம் தருகிறது. இருட்டில் அதற்கு விளக்கு கிடையாது, பின்னால் ஒட்டி வரும் பைக்காரருக்கு அந்த இரும்பு முழங்கால் உயரத்தில் இருக்கும். கழற்ற முடியாத நாளில் முனையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள், ரிவர்ஸ் எடுக்கும்போது சென்சாரை நம்பாமல் ஒருவரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.