வெயில் காலத்தில் குளத்தில் தூண்டில் போட: புதியவர்களுக்கான செய்முறை

வெயில் காலத்தில் முதலில் கவனிக்க வேண்டியது ராடையோ (தூண்டில் கம்பு) ரீலையோ (நரம்பைச் சுற்றும் கருவி) அல்ல, நேரத்தை. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் உச்சி வெயிலில் பெரும்பாலான மீன்கள் இரை தேடாமல் நிழலிலோ ஆழத்திலோ ஒதுங்கிவிடும். விடிந்து இரண்டு மணி நேரம், அப்புறம் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, அவ்வளவு போதும். (விரால் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் என்பதால் அதன் கணக்கு வேறு.)

அடுத்து இடம். கிளை கவிந்த கரை, அல்லி இலை ஓரம், தண்ணீர் வந்து விழும் மடை.

சாமான் குறைவாக இருக்கட்டும்: 6 அல்லது 7 அடி ராடு, 2500 அளவு ஸ்பின்னிங் ரீல், 0.25 மி.மீ. நைலான் நரம்பு, தக்கை, சின்ன ஈயக்குண்டு, 8ஆம் எண் தூண்டில் முள். இந்த முட்களில் எண் கூடக் கூட முள் சிறிதாகும், வாங்கும்போது பலரும் குழம்புவது இங்கேதான். பெரிய முள்ளைவிடச் சின்ன முள்ளே ஆரம்பத்தில் நல்லது, ஏனென்றால் சின்ன மீனின் வாய்க்கும் அது பொருந்தும்.

இனி முடிச்சு. நரம்பை முள்ளின் துளையில் நுழைத்து, நுனியை நரம்பின் மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றி, துளையை ஒட்டிய வளையத்தில் விட்டு, அதனால் உண்டாகும் பெரிய வளையத்திலும் விட்டு, எச்சில் தடவி மெதுவாக இறுக்குங்கள். ஈரமில்லாமல் இறுக்கினால் உரசும் சூட்டில் நரம்பு பலமிழந்து, நல்ல மீன் மாட்டும்போது அறுந்துவிடும்.

ஆழம் பார்க்காமல் புழுவைக் கோர்க்காதீர்கள். முள்ளில் கனமான ஈயத்தை மாட்டிப் போடுங்கள்: தக்கை மூழ்கினால் அதை நரம்பில் மேலே நகர்த்துங்கள், படுத்துக் கிடந்தால் கீழே இறக்குங்கள், நுனி மட்டும் தெரிந்தால் அதுதான் ஆழம். அந்த ஈயத்தைக் கழற்றிவிட்டு, தக்கையை நாலு விரற்கடை கீழே இறக்கினால் மண்புழு தரைக்குச் சற்று மேலே தொங்கும்.

தக்கை துள்ளும்போதே இழுக்காதீர்கள். அமிழ்ந்தாலோ பக்கவாட்டில் ஓடினாலோ ராடைச் சட்டென்று உயர்த்துங்கள். திரும்ப விடப்போகும் மீனை ஈரக் கையால் மட்டும் தொடுங்கள், முடிந்தால் தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள். சூடான தண்ணீரில் களைத்துப்போன மீன் தேறுவது கஷ்டம்.