பிரெயில் குறிப்பேட்டுக் கருவியைப் போனுடன் புளூடூத்தில் இணைக்க

திருகோணமலை பஸ் நிலைய இரைச்சலில் போன் வாசிப்பது காதில் விழாது. புடைத்த புள்ளிகளில் எழுத்தைக் காட்டும் பிரெயில் நோட்டேக்கர் (குறிப்பேட்டுக் கருவி) கையில் இருந்தால் வந்த மெசேஜை விரலாலேயே படித்துவிடலாம்.

பலர் தடுமாறுவது முதற்படியில்தான். புளூடூத்தை ஓன் செய்தால் மட்டும் போதாது; நோட்டேக்கரின் மெனுவில் ‘டெர்மினல்’ பகுதிக்குப் போய், இணைப்பு வகையாகப் புளூடூத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். அதுவரை கருவி தன் சொந்தக் கோப்புகளைத்தான் காட்டும், போன் திரையை அல்ல.

ஐபோனில் செட்டிங்ஸ், அக்செசிபிலிட்டி, வாய்ஸ்ஓவர் (திரையை வாசித்துக் காட்டும் வசதி), பிரெயில் என்று போங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் கருவியின் பெயர் வரும். இரண்டு முறை தட்டுங்கள். பின் நம்பர் கேட்டால் தாமதிக்க வேண்டாம், சற்று நேரத்தில் அந்தப் பெட்டி மறைந்துவிடும். பழைய கருவிகளில் அது பெரும்பாலும் 0000 அல்லது 1234.

அண்ட்ராய்டில் அதே வேலையைச் செய்யும் டோக்பேக்கின் 13ஆம் பதிப்பு முதல் (2022) தனி ஆப் தேவையில்லை. டோக்பேக் செட்டிங்ஸில் பிரெயில் டிஸ்பிளேயைத் திறந்து, ‘அருகிலுள்ள சாதனங்கள்’ அனுமதி கேட்டால் கொடுங்கள். மறுத்தால் தேடல் வெறுமையாகவே முடியும்.

இணைந்தும் கருவியின் பிரெயில் வரி வெறுமையா? கருவி வீட்டுக் கணினியுடன் ஒட்டிக்கொண்டிருக்கலாம்; அங்கே புளூடூத்தை நிறுத்துங்கள். அதற்கும் சரிவராவிட்டால் போன், நோட்டேக்கர் இரண்டிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டு மறுபடி இணையுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் மீண்டும் அதே வில்லங்கம்.

தமிழ் எழுத்து குழம்பித் தெரிந்தால் புளூடூத்தைக் குறை சொல்லாதீர்கள்; எந்த மொழிப் புள்ளிகளைக் காட்டுவது என்று சொல்லும் பிரெயில் அட்டவணை ஆங்கிலத்தில் நிற்கும்.