ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வு: மதிப்பெண் எங்கே போகிறது?

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கிற ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்-க்குக் கோத்தகிரியில் என்னிடம் படித்த ஒரு பெண், தேயிலை தயாராகும் விதத்தைக் காட்டும் படத்துக்கு விடை எழுதிக் கொண்டுவந்தாள். அம்மா கொழுந்து பறிக்கிறவர். வீட்டுக்குப் பின்னாலேயே ஃபேக்டரி. பச்சை இலைக்குக் கிலோவுக்கு என்ன கிடைக்கிறது, ஜனவரி உறைபனியில் செடி எப்படிக் கருகும் என்றெல்லாம் எழுதியிருந்தாள். படிக்க அருமையாக இருந்தது. ஆனால் படத்தில் இருந்தவை ஐந்தே கட்டங்கள்: பறிப்பது, வாட்டுவது, உருட்டுவது, நொதிக்க விடுவது, உலர்த்துவது. அதில் இரண்டைக் காணோம்.

நான் பார்த்தவரை மதிப்பெண் அதிகம் போவது இப்படித்தான். கேட்டதை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதிவிடுகிறோம்.

பெரும்பாலும் மேல்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் அகாடமிக் பிரிவில், முதல் கேள்வியான டாஸ்க் 1-ல் படத்துக்கு வெளியே எதுவும் வேண்டாம். கூடலூர், குன்னூர் இரண்டின் மாத மழையளவை ஒரு வரைபடமாகத் தந்தால், ஜூலையில் கூடலூர் கோடு ஏறியிருக்கும், அக்டோபர், நவம்பரில் குன்னூர் கோடு ஏறியிருக்கும். ஒன்று தென்மேற்குப் பருவமழை, மற்றது வடகிழக்கு என்று மலையில் பிறந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வரைபடம் காரணம் சொல்லவில்லையே, நீங்களும் சொல்லாதீர்கள். எந்த ஊருக்கு எப்போது உச்சம் என்ற மொத்தப் போக்கை இரண்டு வரியில் முதலில் எழுதுங்கள். அதை விட்டுப் பன்னிரண்டு மாத எண்களையும் வரிசையாக ஒப்பித்தால், அது பேண்ட் 5, அதாவது ஒன்பதுக்கு ஐந்து வாங்கும் விடைக்கான அடையாளம்.

தேயிலைப் படம் மாதிரி வந்தால் இன்னொன்றையும் பாருங்கள். யார் வாட்டுகிறார்கள் என்பது படத்தில் இருக்காது. அதனால் 'தே ஆர் விதரிங் த லீவ்ஸ்' வேண்டாம், 'த லீவ்ஸ் ஆர் விதர்டு' என்று செயப்பாட்டு வினையில் எழுதுங்கள்.

பெரும்பாலும் வேலைக்கோ குடியேறவோ போகிறவர்களுக்கான ஜெனரல் டிரெய்னிங் பிரிவை எழுதுகிறவர்களுக்கு டாஸ்க் 1 ஒரு கடிதம். பள்ளியில் பழகிய அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் இங்கே வேண்டாம். முகவரி தேவையில்லை என்று கேள்வியிலேயே போட்டிருப்பார்கள். கேள்விக்குக் கீழே இருக்கும் மூன்று குறிப்புகளில் ஒன்றைத் தொடாமல் விட்டாலும் மதிப்பெண் குறையும்.

அப்புறம் நேரம். மொத்தம் 60 நிமிடம். டாஸ்க் 1-க்கு 150 சொல், கட்டுரையான டாஸ்க் 2-க்கு 250 சொல், இவை குறைந்தபட்சம். டாஸ்க் 2-க்கு இரண்டு மடங்கு மதிப்பு. முதல் கேள்வியில் 35 நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கட்டுரையை முடிவுரை இல்லாமல் விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 20, 40 என்று பிரித்து, வீட்டில் கடிகாரம் வைத்தே எழுதிப் பழகுங்கள்.

கட்டுரைக்கு 'இன் திஸ் மாடர்ன் வேர்ல்டு' என்று தொடங்கும் மனப்பாட முன்னுரைகள் கோச்சிங் நோட்டுகளில் நிறைய உண்டு. தேர்வாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். சொந்த அனுபவத்துக்கு இடம் இங்கேதான். உங்களுக்குத் தெரிந்த உதாரணம் தாருங்கள் என்று கேள்வியே கேட்கிறது. சுற்றுலாவால் ஊர்க்காரர்களுக்கு நன்மையா என்று வந்தால், 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்களே, அதை எழுதுங்கள். விவசாயியின் வருமானம் பற்றி வந்தால், அந்தப் பெண் எழுதிய பச்சை இலை விலை கச்சிதமாகப் பொருந்தும். அப்போதும் கேள்வியின் இரண்டு பாதிக்கும் பதில் இருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள்.

இலக்கணத்தில், தமிழில் 'எ' (a), 'த' (the) போன்ற சொற்கள் கிடையாது என்பதால் ஆங்கிலத்திலும் அவற்றை விட்டுவிடுகிறோம். 'டிஸ்கஸ் அபவுட்', 'சின்ஸ் டூ இயர்ஸ்' இரண்டும் தப்பு. முதலாவதில் 'அபவுட்' வேண்டாம், இரண்டாவதில் 'ஃபார்' வர வேண்டும். கடைசி மூன்று நிமிடத்தை இதைத் தேடுவதற்கென்றே ஒதுக்குங்கள்.

தேர்வு கோயம்புத்தூரில் என்றால் மலையிலிருந்து முந்தின நாளே இறங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் ஒரு மரம் விழுந்தால் போதும், விடியற்காலை பஸ் அங்கேயே நின்றுவிடும்.