விவாகரத்து வழக்கு நடக்கும்போது பிள்ளைக்கு மனநல சிகிச்சை: பெற்றோர் ஒத்துப்போகாவிட்டால்

"கவுன்சலிங் எல்லாம் வேண்டாம்" என்று பெற்றோரில் ஒருவர் மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சிகிச்சை மீதான வெறுப்பு அல்ல. அந்த அறையில் பிள்ளை சொல்வது நாளை கோர்ட்டில் தனக்கு எதிராகத் திரும்புமோ என்ற பயம்தான். அதைத் தீர்த்தால் பாதிச் சண்டை அடங்கும்.

எனவே சிகிச்சை தருபவர் வேறு, பிள்ளை யாரிடம் வளரலாம் என்று மதிப்பிடுபவர் வேறு என்று முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு தேவைப்பட்டால் 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம், 12ஆம் பிரிவின்படி நீதிமன்றமே நிபுணர் உதவியைப் பெறலாம். சிகிச்சையாளரிடமே "அம்மாவிடம் இருப்பதுதான் நல்லது" என்று சான்று கேட்டு வாங்குவது மிகப் பெரிய தவறு. அது தெரிந்த பிள்ளை அதற்குப்பின் அவரிடம் மனம் திறப்பது கடினம்.

அடுத்து, மற்ற பெற்றோருக்கு மெயில் எழுதுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (RCI) பதிவுபெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் இரண்டு மூன்று பேரின் பெயரைத் தந்து, தேர்வை அவரிடமே விடுங்கள். பதிலுக்கு ஒரு வாரம் கொடுங்கள். முதலில் ஆறு அமர்வு, பிறகு மறுபரிசீலனை என்று கேட்டால் ஒப்புக்கொள்வது எளிது. கட்டணத்தில் யார் பங்கு எவ்வளவு, எந்த நாளில் யார் கூட்டிப்போவது என்பதையும் எழுதுங்கள். பொதுவான முன்னேற்றமும் ஆபத்து அறிகுறிகளும் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். பிள்ளை சொன்ன வார்த்தைகள் யாருக்கும் வேண்டாம். திரும்பும் வழியில் "உள்ளே என்ன சொன்னே?" என்று கேட்கவே கூடாது. மாத்திரை தனி விஷயம்: அதை எழுதித்தருபவர் மனநல மருத்துவர், சைக்காலஜிஸ்ட் அல்ல. அதற்குத் தனியாகச் சம்மதம் வாங்குங்கள்.

ஒத்துவரவில்லையா? வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே வக்கீல் மூலம் இடைக்கால மனு போடலாம். இந்து திருமணச் சட்டத்தின்கீழ் வழக்கு என்றால் அந்த மனுவை 26ஆம் பிரிவின்படி போடலாம். கோரிக்கையைச் சுருக்கமாக வையுங்கள்: இன்னாரிடம் இத்தனை அமர்வு, செலவு இப்படி. பள்ளி ஆசிரியரின் கடிதம், மருத்துவரின் பரிந்துரை, நீங்கள் அனுப்பிய மெயில்கள் போதும். பிள்ளையை அழவைத்துப் பேசவிட்டு எடுத்த வீடியோவை இணைக்காதீர்கள். அது பிள்ளைக்கே காயம். விசாரணையை மூடிய அறையில் நடத்தும்படி கேட்கலாம்.

பிள்ளை தற்கொலை பற்றிப் பேசினாலோ உடலைக் காயப்படுத்திக்கொண்டாலோ யார் சம்மதத்துக்கும் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் பேசலாம். மற்ற பெற்றோருக்கு அன்றே தகவல் சொல்லிவிடுங்கள்.