நாய்க்குட்டியைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறீர்களா?

போன மாதம் அலுவலகத்தில் ஒரு தம்பி செல்போனை என் முன்னால் நீட்டினான். இரண்டு மாத லாப்ரடார் குட்டி, புதுக் கூண்டு, உள்ளே மஞ்சள் மெத்தை. "ஒரு வாரம் லீவு போட்டுட்டேண்ணா. மடியை விட்டு இறங்கவே மாட்டேங்குது. திங்கக்கிழமையிலேர்ந்து கூண்டுல விட்டுட்டு வந்துடுவேன்" என்றான். பதினொரு வருடத்துக்கு முன்னால் நான் செய்த தப்பை வரி மாறாமல் ஒப்பிக்கிறானே என்று இருந்தது.

ஒயரைக் கடிக்கும், எலி மருந்தை எட்டாத இடத்தில் வையுங்கள், தண்ணீர் வைக்க மறக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் வீட்டுக்கு வருகிற எல்லோருமே சொல்லிவிட்டுப் போவார்கள்.

முதல் வாரம் மடியில், அடுத்த வாரம் பூட்டில்

எங்கள் மணி நாட்டுக்குட்டி. மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி வீடு, நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். ஆளுக்கு ஐந்து நாள் லீவு போட்டுப் பத்து நாள் அதைத் தரையில் விடாமல் வளர்த்தோம். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே அழும், உடனே திறந்துவிடுவோம். வாங்கிய கூண்டு ஹால் மூலையில் கிடந்தது, மேலே துணி காய்ந்தது. குட்டி ஒருமுறைகூட அதற்குள் போனதில்லை.

பதினோராம் நாள் காலை எட்டரைக்கு இரண்டு பிஸ்கட்டோடு உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். சாயங்காலம் வந்தபோது கேட்டில் வாட்ச்மேன், "சார், உங்க குட்டி ரெண்டு மணி வரைக்கும் கத்திச்சு. அப்புறம் சத்தமே இல்ல" என்றார். பழகிவிட்டது போல என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே படியேறினேன். பழகவில்லை, தொண்டை கட்டியிருந்தது. மெத்தை முழுக்க மூத்திரம். கம்பியில் ரத்தம். மேல் கோரைப்பல் பாதி இல்லை.

பால்பல்தானே, எப்படியும் விழப்போகிறது என்று நினைத்தேன். அது தப்பு. உடைந்த பல்லின் உள்சதை திறந்து கிடந்தால் அந்த வழியாகக் கிருமி இறங்கிச் சீழ் பிடிக்கும், அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் கெடுக்கலாம் என்று சொல்லி, மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து அதைப் பிடுங்கினார். அந்தச் செலவோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அப்புறம் எட்டு மாதம், நான் பைக் சாவியை எடுத்தாலே மணிக்கு வாயில் எச்சில் ஒழுகும், பின்னங்கால் நடுங்கும். கீழ் வீட்டில் கைக்குழந்தை. அசோசியேஷனிலிருந்து இரண்டு கடிதம். மனைவி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள்.

இப்போதும் எரிச்சலாக வருவது எதற்கென்றால், கையில் பத்து நாள் லீவு இருந்ததே. அந்தப் பத்து நாளும், ஆள் போகவே மாட்டார்கள் என்று குட்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். பதினோராம் நாள், கூண்டுக்குள் போனால் எல்லோரும் காணாமல் போவார்கள் என்று அதுவே கற்றுக்கொண்டது.

லீவைச் செலவழிக்கும் முறை வேறு. முதல் இரண்டு நாள் கூண்டுக் கதவைக் கயிறு போட்டுத் திறந்தே கட்டிவையுங்கள். சாப்பாடு உள்ளே. மூன்றாம் நாள் அது சாப்பிடும்போது கதவைச் சாத்தி, தட்டை நக்கி முடிப்பதற்குள் திறந்துவிடுங்கள். அடுத்து, நீங்கள் சமையலறையில், அது கூண்டில், குக்கர் மூன்று விசில் வரும் வரைக்கும். பிறகு குப்பையைக் கீழே போட்டுவிட்டு வருகிற நேரம். பிறகு பால் வாங்கிவிட்டு வருகிற நேரம். நடுநடுவே சாவியை எடுத்து, செருப்பை மாட்டி, எங்கும் போகாமல் சோபாவில் உட்காருங்கள். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள், நினைக்கட்டும். உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் உப்பில்லாத தயிர்சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் நக்கிக்கொண்டு கிடக்கும். கடையில் விற்கும் எதுவும் எங்கள் வீட்டில் இந்த அளவுக்குப் போணியானதில்லை.

பழைய செல்போனை ரெக்கார்டிங்கில் போட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். ஐந்து நிமிடம் முனகிவிட்டுச் சுருண்டு படுத்தால் நல்லது, நேரத்தைக் கூட்டலாம். மூச்சிரைக்க, எச்சில் வழிய, கம்பியைக் கடித்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், ஒரு படி கீழே இறங்குங்கள். "அழட்டும், தானா பழகிடும்" என்று சொல்கிற மாமா எல்லோர் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவரைக் கேட்டுத்தான் நான் அன்று பூட்டினேன்.

மணிக்கணக்கு

குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். பகலில் மூத்திரத்தை அடக்குவதற்கு அதிகபட்சம் அத்தனை மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், அதுவே ஜாஸ்தி. ஒன்பது மணி நேர வேலை, போக வர இரண்டு மணி நேர டிராஃபிக் என்றால் கணக்கு எப்படிப் போட்டாலும் உதைக்கும். நடுவில் ஓர் ஆள் வந்தே தீர வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் நேரத்தை மதியத்துக்கு மாற்றலாம், பக்கத்து வீட்டில் கேட்கலாம். அந்தத் தம்பி திண்டிவனத்திலிருந்து மாமியாரை வரவழைத்திருக்கிறான். யாருமே கிடைக்காது என்றால், இரண்டு மாதக் குட்டியை வாங்காமல் ஒன்றரை வயது நாயைத் தத்தெடுங்கள்.

ஆள் வந்து போனாலும் நாள் முழுக்கப் பூட்டிய கூண்டு சரிப்படாது. கம்பித் தடுப்பு வைத்து, அறையில் ஒரு மூலையை வளையுங்கள். அதற்குள் கூண்டு, கதவு திறந்தபடி. எதிர்க்கோடியில் செய்தித்தாள். படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ணப் பெரும்பாலான குட்டிகளுக்குப் பிடிக்காது. அந்தக் குணத்தை வைத்துத்தான் சுத்தம் பழக்குகிறோம், வேறு வழியில்லாமல் மெத்தையிலேயே போக வைத்தால் அது மழுங்கிவிடும்.

முப்பத்தைந்து நாள் குட்டி

வாங்காதீர்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்போருக்கான 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. தாயையும் கூடப்பிறந்தவற்றையும் விட்டு அந்த வயதில் வந்ததைத் தனி அறையில் பூட்டுவது இரட்டைப் பாவம்.

காலையில் பார்த்த பால்கனி

எட்டு மணிக்கு நிழலாக, காற்றோட்டமாகத்தான் இருக்கும். மூன்று மணிக்குப் போய் அந்தத் தரையில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். மேற்குப் பார்த்த பால்கனி சென்னை மே மாதத்தில் தோசைக்கல். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மூக்கு சப்பையான பக் குட்டிக்கு அதுவும் சரியாக வராது. கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியும் மனிதக் குழந்தையை மனதில் வைத்துப் போட்டது. தலை நுழைந்தால் குட்டியின் உடம்பும் நுழையும்.

ஏ.சி. போட்ட அறை

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் பிற்பகல் 2 மணிக்குத்தான் வரும். ஜன்னலையும் கதவையும் சாத்திய அறை அதற்குள் என்ன ஆகும்? ஃபேன், திறந்த ஜன்னல், ஈரத்துணி விரித்த தரை போதும்.

செயின்

வேண்டாம். சோபா காலைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும், அவிழ்க்க ஆள் இருக்காது. குட்டைச் செயினில் அளவுக்கு மீறிக் கட்டி வைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கழுத்துப்பட்டை

கழற்றிவிட்டுப் போங்கள். கம்பியில் மாட்டும்.

பாத்ரூம்

கழுவ வசதி என்று நிறைய பேர் அங்கே விடுகிறார்கள். வாஷ்பேசின் ஓட்டையில் கிடக்கும் நாப்தலின் உருண்டை விஷம். பினாயில் காய்வதற்குள் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். வாளியில் தண்ணீர் இருந்தால் அதுவும் ஆபத்துதான்.

வந்ததும் அதட்டுவது

"தப்புப் பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது, மூஞ்சியைப் பாருங்க" என்பார்கள். அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார். தின்னக் கூடாததைத் தின்றதோ இல்லையோ, திட்டு வாங்கிய நாய்கள்தான் அந்த முகத்தை அதிகம் காட்டின. தின்னாமல் திட்டு வாங்கியவை இன்னும் அதிகமாக. மத்தியானம் இரண்டு மணிக்குப் போன மூத்திரத்துக்கு ஆறரை மணிக்கு அதட்டினால், ஆறரை மணிக்கு நீங்கள் வருவதற்குத்தான் அது பயப்படும்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் குட்டியைக் கீழே தூக்கிக்கொண்டு போங்கள். தரையை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம்.